மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் நடுவில்

முனிரத்தினம் சார் இறந்துவிட்டார் என்ற செய்தி போன செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத் தொலைபேசியில் வந்தது. எடுத்தவள் நான்தான். அவர் குடியிருந்த தெருவின் மளிகைக் கடைக்காரர் பேசினார். "சார் பால் வாங்க வரலீங்க. கதவத் தட்டிப் பாத்தோம். நாற்காலியில உக்காந்தபடியே போயிட்டாருங்க" என்றார். நான் ஏதோ பதில் சொல்லிவிட்டு வைத்தேன். எதிர்ச் சுவரில் ஓசூர்ப் பகுதியின் நில உபயோக வரைபடம் மாட்டியிருந்தது. அவர் திட்டமிட்டது, நான் வரைந்து வண்ணம் கொடுத்தது. வீடுகளுக்கு மஞ்சள், தொழிற்சாலைகளுக்கு ஊதா, விவசாயத்துக்குப் பச்சை. அழுகை வரவில்லை. அந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் மனதில் முதலில் வந்தது ஒரு கேள்விதான். அவரை எங்கே கொண்டுபோவார்கள்?

கல்நெஞ்சுக்காரி என்று நினைக்காதீர்கள். அவரை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி ஏன் வந்தது என்று தெரியும். அறியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் சேலத்திலிருந்து வரைவாளர் வேலைக்கு நான் ஓசூர் வந்தபோது, எங்கள் நகரமைப்பு அலுவலகம் ஒரு வாடகை வீட்டின் இரண்டு அறைகளில் இருந்தது. ஓசூர் அப்போது தர்மபுரி மாவட்டத்தின் ஒரு மூலை. குளிருக்குப் பேர்போன இடம், அவ்வளவுதான். ஆனால் பெங்களூர் சாலையை ஒட்டித் தொழிற்சாலைகள் வரிசையாக வரப்போகின்றன என்று அரசாங்கம் முடிவு செய்திருந்தது. எந்த நிலம் வேலைக்கு, எந்த நிலம் வீட்டுக்கு என்று பிரித்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. அதற்குத் தலைமை முனிரத்தினம் சார். காவேரிப்பட்டினத்துக்காரர். தென்பெண்ணைக் கரையில் மாந்தோப்பு வைத்திருந்த குடும்பம். தெலுங்கு பேசும் விவசாயியிடம் தெலுங்கிலும் கன்னடக்காரரிடம் கன்னடத்திலும் பேசுவார். கோபம் மட்டும் தமிழில்தான் வரும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் சார் என்று கேட்டால், "எனக்குப் பொண்ணு குடுக்க யாருக்கும் மனசு வரல, கேக்க எனக்கு நேரம் வரல" என்று சொல்லி அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுவார்.

முதல் நாள் நான் பேனாவும் மைப்புட்டியுமாகப் போய் நின்றேன். "பேனாவ மூடி வைங்கம்மா. மொதல்ல நடந்து பாக்கலாம் வாங்க" என்றார். சேலை தடுக்க, புதுச் செருப்பு கடிக்க, ஒரு பகல் முழுக்க அவர் பின்னால் நடந்தேன். மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டேதான் நடந்தேன். சாயங்காலம் நெடுஞ்சாலை ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். சாலைக்கு இந்தப் பக்கம் தொழிற்சாலைகள் என்று முடிவாகியிருந்தது. நிலம் மலிவாக இருக்கிறது என்பதால் அந்தப் பக்கம் தொழிலாளர் வீடுகளைப் போடலாம் என்று மேலிடத்தில் ஒரு யோசனை. லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. "இப்ப தாண்டுங்க பாக்கலாம்" என்றார். என்னால் முடியவில்லை. "ஷிப்ட் முடிஞ்சு தூக்கக் கலக்கத்துல வரவன் தெனம் தாண்டணும். நீங்க இங்க கோடு போட்டீங்கன்னா அவன் தாண்டித்தான் ஆவணும்" என்றார். ஆடிக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்று அந்த வருடம் பார்த்து, புகை எட்டாத பக்கமாக, சாலையைத் தாண்டத் தேவையில்லாதபடி மஞ்சளைப் போட்டார். நிலத்துக்கு விலை கூடுதலாயிற்று. அதற்காக அவர் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல.

ஊர்க்காரர்களும் சீக்கிரமே வண்ணங்களைக் கற்றுக்கொண்டார்கள். "எங்க நெலத்துக்கு என்னா கலரு சார்?" என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். எல்லாருக்கும் ஊதா வேண்டும், விலை ஏறும் என்று. ஏரிப் பாசன நிலம் எதையும் சார் ஊதாவாக்கவில்லை. "கெணறு வத்தாத எடத்துக்கு நான் கலர் குடுக்க முடியாதுங்க, அது ஏற்கனவே பச்சை" என்பார். திட்டிக்கொண்டே போவார்கள். மறுவாரம் தக்காளிக் கூடையோடு வருவார்கள். கூடையைத் திருப்பி அனுப்பிவிட்டு, மழையைப் பற்றி அவர்களோடு பேசிக்கொண்டிருப்பார்.

இதெல்லாம் நல்ல அதிகாரி ஒருவர் செய்யக்கூடியதுதான். அவரை நான் மறக்க முடியாமல் போனது வேறொன்றால்.

தொழிற்சாலைகள் வந்தன. மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து, ஓர் அறைக்கு ஆறேழு பேராகத் தங்கினார்கள். அவர்களில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவர் காய்ச்சலில் இறந்துபோனார். அறை நண்பர்கள் பக்கத்துக் கிராமத்துச் சுடுகாட்டில் இடம் கேட்டார்கள். ஊரார் முடியாது என்றார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். அங்கெல்லாம் ஒவ்வொரு ஊருக்கும், ஊருக்குள் ஒவ்வொரு சாதிக்கும் தனித்தனி இடம். இன்னார் மகன், இன்னார் பேரன் என்று தெரியாத உடலை உள்ளே விட்டுப் பழக்கமில்லை. தகவல் தெரிந்து சார் போய்ப் பேசினார். மூன்று மொழியில் பேசியும் நடக்கவில்லை. கடைசியில் ராயக்கோட்டைத் தக்காளி வியாபாரி தஸ்தகீர் பாய்தான் கைகொடுத்தார். அவருடைய லாரி தெற்கே போகவிருந்தது. ஏற்றியிருந்த கூடைகளை இறக்கிவிட்டு அந்த இளைஞரின் உடலை ஏற்றினார்கள். "சரக்கு நாளைக்குப் போவட்டும், இவரு நாளைக்குத் தாங்க மாட்டாரு" என்றார் பாய்.

மறுநாள் சார் வந்ததும் வரைபடத்தை மேசையில் விரிக்கச் சொன்னார். என் அழகான மஞ்சள் மேல் கையை வைத்தார். "விஜயா, இதுல பள்ளிக்கூடம் இருக்குது, பார்க்கு இருக்குது, பஸ் ஸ்டாண்டு இருக்குது. இந்த மஞ்சள்ல ஒருத்தர் செத்தா எங்க போவாங்க?" என்று கேட்டார். அது எங்களுக்குத் தோன்றவேயில்லை என்பதுதான் உண்மை. வருகிறவர்கள் எல்லாரும் இளைஞர்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள். அவர்கள் இங்கே சாவார்கள் என்று யார் நினைத்தார்கள்?

அன்று தொடங்கி இடம் தேடினார். ஓசூர் மண் மேலுக்குச் செம்மண், கொஞ்சம் தோண்டினால் பாறை. ஒரு கடப்பாரையோடு போய் அங்கங்கே குத்திப் பார்த்தார். வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடையே காலியாக விடவேண்டிய பட்டையில், கிணறுகளுக்கு எட்டத்தில், கடப்பாரை நன்றாக இறங்கிய ஓர் இடம் கிடைத்தது. இரண்டு ஏக்கர் இருக்கும். வரைபடத்தில் அது மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் நடுவே என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை.

ஆய்வுக் கூட்டத்தில் சிரித்தார்கள். "என்ன முனிரத்தினம், ஜனங்க குடியேறவே இல்ல, அதுக்குள்ள குழி தோண்டறீங்க?" என்று மேலதிகாரி கேட்டார். சார் எழுந்து நின்று, "பள்ளிக்கூடத்துக்கு எடம் விட்டப்ப, இன்னும் கொழந்தையே பொறக்கலியேன்னு யாரும் கேக்கலீங்களே" என்றார். பிறகு உட்காராமலே சொன்னார்: "வேலைக்கு வரவன் இங்கியே வாழ்ந்து இங்கியே சாவலாம்னு நெனச்சாத்தான் அது ஊருங்க. இல்லேன்னா நாம லாட்ஜுக்குத்தான் பிளான் போடறோம்." இடம் ஒதுக்கப்பட்டது. கூடவே அவருக்குச் சுடுகாட்டு சார் என்ற பட்டமும் கிடைத்தது. அலுவலகத்தில் சிலர் அவர் காதுபடவே அப்படிச் சொன்னார்கள். எனக்குத்தான் ஆத்திரமாக வரும். அவர் கண்டுகொள்ளவே மாட்டார்.

ஆனால் அவரே எதிர்பாராத ஒன்று நடந்தது. யாரும் அந்த இடத்துக்கு வரவில்லை.

எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு; வெளியூரிலிருந்து வந்தவர்களையும் அது தொற்றிக்கொண்டிருந்தது. புதுச் சுடுகாட்டில் முதலில் வைக்கப்படுகிறவர், அடுத்தவர் வந்து சேரும்வரை அங்கே தனியாகக் காவல் நிற்க வேண்டுமாம். எத்தனை நாளோ, எத்தனை வருடமோ. தன் தகப்பனையோ பிள்ளையையோ அப்படி நிறுத்த யாருக்கு மனம் வரும்? கையில் இருந்ததை விற்றும் கடன் வாங்கியும் வண்டி பிடித்து, உடலைச் சொந்த ஊருக்கே கொண்டுபோனார்கள். நாங்கள் மண்ணைப் பார்த்தோம், காற்றைப் பார்த்தோம், தண்ணீரைப் பார்த்தோம். இதைப் பார்க்காமல் விட்டோம். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த சாருக்கும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த இரண்டு ஏக்கரில் சீமைக்கருவேலம் முளைத்தது. லாரிகள் நிற்கத் தொடங்கின. எண்பதுகளின் நடுவில், பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று அந்த இடத்தைச் சரக்கு வைக்கக் கேட்டது. பயன்படாத நிலம், ஊதாவோடு சேர்க்கலாம் என்று எங்கள் மேசைக்கே கோப்பு வந்தது. நேரில் பார்த்து முடிவு செய்யக் குழு வரும் என்றார்கள்.

அந்தச் சமயத்தில் சாரின் தாயார் கண்ணம்மாள் அவரோடுதான் இருந்தார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போவேன். வாய் ஓயாத அம்மா. மாம்பழக் காலம் முழுக்க, கணவர் இறந்த பிறகும், தோப்பில் குடிசை போட்டுக் காவல் இருந்தவர். ஒரு நாள் சார் சோர்ந்துபோய் அந்தக் கோப்பைப் பற்றி என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். "அட, காவலுக்கு ஆள் கெடைக்கலன்னா என்னைய வைடா. எத்தன வருசம் தோப்புல தனியா கெடந்தவ நான். பேய்க்கா பயப்படப் போறன்?" என்றார். மூவரும் சிரித்தோம். "ஏம்மா விஜயா, நீ சாட்சி" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார்.

குழு வருவதற்கு முன்பே அம்மா இறந்தார். படுக்கையில் கிடக்கவில்லை. ஒரு மத்தியானம் தூங்கியவர் எழவில்லை.

காவேரிப்பட்டினத்திலிருந்து அண்ணன் கோவிந்தசாமி வேனோடு வந்தார். அப்பாவை வைத்த ஆற்றங்கரையில் அம்மாவுக்கும் இடம் தயாராக இருந்தது. வாசலில் கூட்டம். சார் அண்ணனைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னார். கோவிந்தசாமி முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் அவர் குரல் வாசல்வரை கேட்டது.

"உன் பிளானுக்கு எங்கம்மாதான் கெடச்சாங்களாடா?"

"அம்மாவே சொன்னாங்கண்ணா."

"அம்மா ஆயிரம் சொல்லுவாங்க. ஒரு ஈ காக்கா இல்லாத எடத்துல பெத்தவள காவல் நிக்க வெப்பியா?"

நான் முன்னால் போய், அம்மா சொன்னதைக் கேட்டேன் என்று சொன்னேன். "நீங்க ஆபீசு ஆளுங்க. அவனுக்குத்தான் பேசுவீங்க" என்றார். கைகூப்பிச் சொன்னார், மரியாதைக் குறைவாக அல்ல. எங்கள் பக்கம் தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் காரியம் செய்வது வழக்கம். அந்த உரிமை சாரிடம் இருந்தது. அதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். கோவிந்தசாமி அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வந்த வேனிலேயே திரும்பிப் போனார். மண் தள்ளக்கூட வரவில்லை.

பாடையின் பின்னால் போனவர்கள் கொஞ்சம்தான். சார், தஸ்தகீர் பாய், தெருக்காரர்கள் சிலர். நான் அந்த இடத்தின் வாசலோடு நின்றுவிட்டேன். பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. முள்ளை வெட்டி ஒதுக்கிய இடத்தில், கிழக்கு வேலியிலிருந்து கொஞ்சம் தள்ளி அம்மாவை வைத்ததை அங்கிருந்தே பார்த்தேன். கல் எதுவும் வேண்டாம் என்றார் சார். பிறகு அது அந்த இடத்தின் விதியாகவே ஆயிற்று. கல்லறை கட்டக் கூடாது. யாருக்கும் முன்கூட்டி இடம் பிடித்து வைக்கக் கூடாது. வேண்டுமானால் ஒரு மரம் வைக்கலாம். அம்மாவின் தலைமாட்டில் சார் ஒரு புங்கங்கன்று நட்டார்.

அந்த மாதமே சேலத்துக்கார அம்மா ஒருவரை அங்கே கொண்டுவந்தார்கள். பிறகு மதுரைக்காரர் ஒருவர். அப்புறம் யாரும் யோசிக்கவில்லை. கோப்பு மூடப்பட்டது. ஒரு மூலையைத் தனி வாசலோடு முஸ்லிம் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். தஸ்தகீர் பாயும் இப்போது அங்கேதான் இருக்கிறார்.

ஊர் பிழைத்தது. அண்ணன் தம்பி உறவு பிழைக்கவில்லை. வருடாவருடம் பொங்கலுக்குச் சார் காவேரிப்பட்டினம் போவார். அண்ணி சோறு போடுவார். அண்ணன் தோப்புக்குப் போய்விடுவார், இவர் பஸ் ஏறும்வரை திரும்ப மாட்டார். ஒரு முறைகூட சார் அண்ணனைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு, நானும் அவரும் அந்த வேலியோரம் நடந்துகொண்டிருந்தபோது, "அம்மா அன்னிக்கு நெசமாத்தான் சொன்னாங்களா, வெளயாட்டுக்குச் சொன்னாங்களா விஜயா?" என்று கேட்டார். நிஜமாகத்தான் சார் என்றேன். "உங்களுக்கு அப்பிடித் தெரிஞ்சுதா? எனக்கு இன்னிக்கும் தெரியல" என்றார். அத்தனை பேருக்கு இடம் பார்த்துக் கொடுத்த மனிதர் அந்த ஒரு கேள்வியோடுதான் கடைசிவரை இருந்தார்.

ஆகவேதான் செவ்வாய்க்கிழமை எனக்கு அந்தக் கேள்வி வந்தது. பிள்ளையில்லாதவர். முடிவு செய்ய வேண்டியவர் அண்ணன்.

கோவிந்தசாமி மத்தியானம் வந்தார். இந்த முறையும் வேனோடுதான். வயதாகிவிட்டது, கைத்தடி ஊன்றி இறங்கினார். தெரு நிறைய ஆட்கள். பல ஊர்த் தமிழ், கன்னடம், தெலுங்கு, எல்லாம் அடங்கிய குரலில். அவர் தம்பியின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கத் துணியவில்லை. எங்களுக்கு என்ன உரிமை? எடுத்துப்போகிறேன் என்று அவர் சொன்னால் நாங்கள் வழிவிட வேண்டியதுதான். கடைசியில் எழுந்து வெளியே வந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"எங்கம்மா எந்த எடத்துல இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அன்று உடன் போனவர்களில் இப்போது இருப்பவர் யாருமில்லை. குழி வெட்டுகிறவர் புது ஆள். எனக்குத்தான் தெரியும். கூட்டிப்போனேன். வாசலில் என் கால் தானாக நின்றது. "வாங்கம்மா, நீங்க வராட்டி எனக்கெப்பிடித் தெரியும்" என்றார். முதன்முறையாக உள்ளே போனேன். முள் இல்லை. எங்கு பார்த்தாலும் மரங்கள், வேம்பும் புங்கமும் பூவரசும். கிழக்கு வேலியோரப் புங்கமரத்தைக் காட்டினேன்; அதற்கும் வேலிக்கும் நடுவே இன்னும் யாரையும் வைத்திருக்கவில்லை. அது இப்போது ஆள் கட்டிப்பிடிக்கும் பருமன். அவர் அதன் அடியில் கைத்தடியை வைத்துவிட்டு, மரத்தில் கை வைத்து நின்றார். என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அம்மாவுக்கப்புறம் அடுத்த ஆளு எப்ப வந்தாங்க?"

"அந்த மாசமேங்க. சேலத்துக்காரங்க, ஒரு அம்மா."

"அந்த மாசமேவா?"

"ஆமாங்க."

"அப்ப ரொம்ப நாளு தனியா நிக்கல."

"இல்லீங்க."

இத்தனை வருடம் தோப்புக்குள் போய் அவர் உட்கார்ந்திருந்தது இதற்குத்தானா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சாரே சொல்லியிருப்பார். கேட்கவும் இல்லை, சொல்லவும் விடவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவர் தோள்கள் குலுங்குவதைப் பார்த்ததும் அது போய்விட்டது.

குழி வெட்டுகிறவரை அழைத்தார். "எந்தம்பிக்கு இங்க, அம்மா பக்கத்துல தோண்டுப்பா" என்றார். அந்த ஆள் மண்வெட்டியை எடுத்து அடையாளம் போட்டார். கோவிந்தசாமி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கொஞ்சம் அம்மா பக்கமாத் தள்ளித் தோண்டு. அவனுக்கு இந்தப் பக்கம் எனக்கும் எடம் வேணும்" என்றார்.

குழி வெட்டுகிறவர் என்னைப் பார்த்தார். யாருக்கும் முன்கூட்டி இடம் பிடித்து வைக்கக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். சார் போட்ட விதி, அமைச்சரின் உறவினர் வந்து கேட்டபோதும் தளர்த்தாத விதி.

நான் தலையசைத்தேன். சார், நீங்கள் போட்ட கோட்டை நான் மாற்றியது அந்த ஒரு முறைதான். அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் நிம்மதியாக இருங்கள்.